7 கிலோஹெர்ட்ஸ் கொடுத்தால் 1 கிலோஹெர்ட்ஸ்!

டிஎஸ்பி (டிஜிட்டல் சிக்னல் பிராசஸிங்) லேபில் ஃபில்டர் எழுதப் பாய்வதற்கு முன் இதைச் செய்து பாருங்கள். ஏடிசி (சிக்னலை எண்ணாக்குவது), டேக் (எண்ணை மீண்டும் சிக்னலாக்குவது) இரண்டும் உள்ள எஸ்டிஎம்32 மைக்ரோகண்ட்ரோலர் போர்டில், டைமர் வைத்து நொடிக்கு 8000 சாம்பிள் எடுத்து அப்படியே வெளியே விடுங்கள். வெளியீட்டில் ஒரு ரெசிஸ்டர், ஒரு கெபாசிட்டர் கொண்ட சின்ன ஆர்சி ஃபில்டர் போதும். ஃபங்ஷன் ஜெனரேட்டரில் சைன் அலையை 1 கிலோஹெர்ட்ஸிலிருந்து மெல்ல ஏற்றுங்கள். சாம்பிள் வேகத்தில் பாதியான 4-ஐத் தாண்டியதும் ஒலியின் சுருதி ஏறாமல் இறங்கும். 7 கொடுத்தால் 1 கேட்கும். இப்படி உயர் அதிர்வெண் தாழ்ந்ததாக வேடமிட்டு வருவதுதான் அலையாசிங்; அதற்குப் பிறகு மறக்காது.

ஆடியோ கோடெக் சிப்பில் இது தெரியாது; உள்ளேயே ஃபில்டர் இருக்கிறது.

போர்டின் ஏடிசி பின்னை (pin) எரித்துவிடாதீர்கள்! ஜெனரேட்டரில் ஆஃப்செட் (அலையின் நடுமட்டம்) 1.65 வோல்ட், உச்சிக்கு உச்சி 2 வோல்ட் வையுங்கள். ஜெனரேட்டர் 50 ஓம் அமைப்பில் இருந்தால் திரையில் காட்டுவதைப்போல் இருமடங்கு வரும். அமைப்பை ஹை-இசட் (அதிக மின்தடை லோடு) ஆக்கி, ஸ்கோப்பில் பார்த்த பிறகே போர்டில் செருகுங்கள்.