வாயில் வந்த மெட்டைப் பாட்டாக்குவது

என் பெரியப்பா இசை நாடகங்களில் பபூன், அதாவது கோமாளி வேடம் கட்டியவர். திரைக்குப் பின்னால் இருந்தே பாட்டைத் தொடங்கி, பாடிக்கொண்டே மேடைக்கு வருவார். அவர் குரல் பதிந்த இரண்டு கசெற்றுகள் 2009 இடப்பெயர்வில் போய்விட்டன. அவருக்கு ஒரு பாட்டுச் செய்யவேண்டும் என்று நெடுநாள் ஆசை. ஆனால் எனக்குச் சுரம் எழுதத் தெரியாது. உங்களுக்கும் இதே தயக்கம் இருந்தால் முதலில் சார்லி சாப்ளினின் வாழ்க்கையை வாசியுங்கள்.

1964 இல் வந்த அவருடைய சுயசரிதையை இரவுக்குப் பத்துப் பக்கமாக, கையில் பென்சிலோடு வாசித்தேன். படங்களும் புகழும் இருக்கட்டும், சத்தம் வருகிற இடங்களுக்குக் கோடு போடுங்கள். மேடையில் தாயின் குரல் உடைந்துபோக, ஐந்து வயதுப் பிள்ளை போய் நின்று பாடுகிறது. இலண்டன் தெருமுனை மதுக்கடை வாசலில் ஆர்மோனியமும் கிளாரினெட்டும் கேட்ட இரவில்தான் இசையைக் கண்டுகொண்டேன் என்கிறார். 16 வயதிலிருந்து நாளுக்கு 4 முதல் 6 மணி நேரம் வயலின் பழகினார். இடக்கையர் என்பதால் தந்திகளை மாற்றிக் கட்டி வாசித்தார். அப்படியும் சுரம் எழுத வராது. 1931 இல் தன் படத்துக்குத் தானே இசையமைத்தபோது அவர் முணுமுணுக்க, இன்னொருவர் எழுதிக்கொண்டார். நம்மிடம் எழுத ஆள் இல்லை, போன் இருக்கிறது.

மெட்டு வந்த உடனே பதியுங்கள். இரணைமடு வாய்க்கால் கரையில் தண்ணீர் கட்டிக்கொண்டு நின்றபோது எனக்கு நல்லதொரு மெட்டு வந்தது. வீட்டுக்குப் போய்ப் பதியலாம் என்று விட்டேன். சைக்கிள் படலைக்கு வருவதற்குள் முதல் வரியைத் தவிர எல்லாம் மறந்துபோனது. சொல் வேண்டாம், தன்னனா போதும்.

அடுத்த நாள் தம்புரா செயலியைப் போட்டுச் சுருதி பாருங்கள். சுருதியின் உயரத்தைக் கட்டை என்ற அளவில் சொல்வார்கள். ஆண் குரல் என்றால் 1 அல்லது 2 கட்டை, பெண் குரல் என்றால் 5 அல்லது 5½ கட்டையில் தொடங்கலாம். மெட்டின் ஆக உயர்ந்த இடத்தைப் பாடிப் பார்த்துத்தான் முடிவெடுக்கவேண்டும். தாளம் நிமிடத்துக்கு 80 அடி வைத்தால் பாடச் சுகம்.

தகரக் கூரை வீட்டில் குரல் கணகணவென்று திரும்பி வரும். இரண்டு கதிரைகளுக்கு மேல் தடித்த போர்வை போட்டு அதற்குள் இருந்து பாடுங்கள். ஃபான் நிற்கட்டும், போன் ஃபிளைட் மோடில் இருக்கட்டும். போனை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், நேரே இல்லாமல் கொஞ்சம் பக்கவாட்டில் வையுங்கள். அப்போதுதான் ‘ப’ வரும்போது காற்று அடிக்காது. நான் விடியற்காலை 4 மணிக்குப் பதிகிறேன், மயில்கள் எழும்பினால் வேலை கெட்டுவிடும். மாரி மழைக்குத் தகரத்தின் கீழ் முயலவே வேண்டாம்.

பாண்ட்லாப் போன்ற இலவசச் செயலியில் தாளத்தை ஒரு தடத்திலும் குரலை இன்னொன்றிலும் பதியலாம். வயர் உள்ள ஹெட்போன்தான் வேண்டும். புளூடூத்தில் சத்தம் பிந்தி வந்து தாளம் பிசகும். எனக்குக் கால்வாசி நெல் போட்ட பிளாஸ்டிக் போத்தலும் கவிழ்த்த வாளியும் போதுமாக இருந்தன.

பபூனுக்கான பாட்டு என்பதால் இசையும் பகிடியாக இருக்கட்டும் என்று விசில், தகரச் சத்தம் எல்லாம் சேர்த்தேன். சாப்ளினிடமும் இசை ஒழுங்கமைப்பாளர்கள் அப்படித்தான் கேட்டார்களாம். இசை நகைச்சுவையோடு போட்டிக்கு வரக்கூடாது, அது அழகாகவும் உருக்கமாகவும் இருக்கவேண்டும் என்று அவர் மறுத்திருக்கிறார். அதை வாசித்த இரவே அத்தனையையும் அழித்தேன். பொய்மீசை ஒருபக்கம் கழன்று தொங்கப் பெரியப்பா பாடிய காட்சிக்கு மெதுவான மெட்டுத்தான் பொருந்தியது.

பதிந்ததைப் போனில் மட்டும் வைக்காதீர்கள். மெமரி கார்ட்டில் ஒன்று, வெளியூரில் இருக்கும் உறவினரிடம் ஒன்று என்று கொடுத்து வையுங்கள்.

அப்புறம், பாட்டுக்குரியவரை அறிந்த ஒருவருக்குப் போட்டுக் காட்டுங்கள். பெரியம்மா இரண்டு தரம் கேட்டுவிட்டு, “வலப்பக்கம் இல்லை மோனை, மீசை எப்பவும் இடப்பக்கம்தான் கழரும்” என்றார். அந்த வரியை மாற்றிக்கொண்டு, அடுத்த நாள் விடியலில் மறுபடியும் போர்வைக்குள் போனேன்.