விளையாட்டுச் சாமான்களோடு விமானம் ஏறும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராமநாதபுரம் மாவட்டத்தில் பயணிகள் விமான நிலையம் கிடையாது. உச்சிப்புளியில் ஓடுதளம் இருக்கிறது, ஆனால் அது கடற்படையின் ஐஎன்எஸ் பருந்து. ராமேஸ்வரத்தில் இருந்து மதுரை விமான நிலையத்துக்குப் போக நூற்று எழுபது கிலோமீட்டருக்கு மேல் ஓட வேண்டும். சென்னைவாசியின் பையில் இருக்கும் ஒரு பொருளைச் சோதனையில் நிறுத்தினால், வீட்டுக்குப் போன் போட்டு யாரையாவது வரச் சொல்லிக் கொடுத்து அனுப்பலாம். பாம்பனில் இருந்து வந்தவரை இறக்கிவிட்ட கார் அந்நேரம் மானாமதுரையைத் தாண்டியிருக்கும். பொருள் போனது போனதுதான். அதனால் பையைப் பற்றிய முடிவுகளை ஊரிலேயே எடுத்துவிட வேண்டும்.

பலரும் சறுக்குவது, ஓரிடத்தில் விட்டுவிட்டால் எல்லா இடத்திலும் விட்டுவிடுவார்கள் என்று நம்புவதில். கையில் கொண்டுபோகும் பையை இரண்டு தரப்பு பார்க்கிறது. விமான நிறுவனத்துக்கு எடையும் அளவும்தான் கணக்கு. உள்நாட்டில் சாதாரண வகுப்பு என்றால் பெரும்பாலும் ஒரே பை, 7 கிலோ, நீளம் அகலம் உயரம் மூன்றையும் கூட்டினால் 115 சென்டிமீட்டருக்குள், அதில் நீளம் மட்டும் பெரும்பாலும் 55-ஐத் தாண்டக் கூடாது. அடுத்து பாதுகாப்புச் சோதனையில் நிற்கும் சிஐஎஸ்எஃப் வீரருக்கு உங்கள் பை ஐந்து கிலோவா ஏழு கிலோவா என்பது பொருட்டே இல்லை. இதை வைத்து ஒருவரை அடிக்கவோ குத்தவோ முடியுமா என்பதுதான் அவர் கேள்வி. "கவுன்ட்டர்ல விட்டுட்டாங்களே சார்" என்று அவரிடம் சொல்லிப் பயனில்லை. அவர் விட்ட பையைக் கடைசி வாசலில் விமான நிறுவன ஊழியர் அளந்து பார்த்து நிறுத்துவதும் உண்டு.

இந்தக் கணக்கில் கிரிக்கெட் மட்டை இரண்டு பக்கமும் தோற்கும். விதிப்படி மட்டையின் நீளம் 96.5 சென்டிமீட்டர் வரை போகலாம். பைக்கான அளவில் அடங்காது. அடங்கினாலும் அது தடை செய்யப்பட்ட பட்டியலில் இருக்கிறது. ஹாக்கி மட்டை, கோல்ஃப் கோல், பில்லியர்ட்ஸ் கோல், வில் அம்பு, மீன் குத்தும் ஈட்டித் துப்பாக்கி எல்லாம் அதே கதைதான். செக்-இன் பெட்டியில் போட்டுவிட்டு நிம்மதியாக இருங்கள். இறகுப்பந்து ராக்கெட் கொஞ்சம் இழுபறி. 68 சென்டிமீட்டர் வரை நீளும், அளவை மீறுகிறது, ஆனாலும் பல நேரம் கண்டுகொள்ளாமல் விடுவார்கள். கூட்டம் நிறைந்த விமானத்தில் அதே ராக்கெட்டுக்கு இடமில்லை என்று சொன்னால் சண்டை போடவும் முடியாது. விலை உயர்ந்தது என்றால் கெட்டியான உறை வாங்கி, அதைக் கீழே சரக்கு அறைக்கு அனுப்பத் தயாராகவே போங்கள்.

சிலம்பம் ஆடும் பிள்ளைகளைப் போட்டிக்கு அழைத்துப் போகிறவர்கள் கவனிக்க வேண்டும். சுருள்வாள் கைப்பையில் போகாது என்று யாரும் சொல்லாமலே தெரியும். கம்பு வெறும் பிரம்புதானே என்று தோன்றும். சோதனையில் அது ஆயுதம்தான், நெற்றி உயரக் கம்பை மேலே வைக்கவும் இடமில்லை. செக்-இன்னில் போடுவதென்றால் பத்துக் கம்பையும் சேர்த்துக் கட்டி, இருபுறமும் மூடி போட்ட பிவிசி குழாயில் நுழைத்துவிடுங்கள். அவ்வளவு நீளத்தை ஏற்றுவார்களா என்று டிக்கெட் போடும் முன்பே விமான நிறுவனத்திடம் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள். போட்டி சென்னையில் என்றால் என் ஓட்டு ரயிலுக்கு. ராமநாதபுரத்தில் ராத்திரி ஏறினால் காலையில் எழும்பூர், கம்பைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள். கபடிக்காரர்களுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை; முழங்கால் உறையோடு போய் வரலாம்.

இனி கைட் சர்ஃபிங், அதாவது பெரிய பட்டம் இழுக்கப் பலகையில் நின்று கடலில் சறுக்கும் விளையாட்டு. பாம்பன், தனுஷ்கோடிப் பக்கம் காற்றைத் தேடி வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள், நம் பையன்களும் பழகிவிட்டார்கள். பலகை ஒன்றேகால் மீட்டருக்கு மேல். அது கீழேதான் போகும். எடையைக் குறைக்க, பட்டத்தோடு உடம்பைப் பிணைக்கும் இடுப்புக் கச்சையான ஹார்னெஸை மட்டும் கைப்பையில் திணிப்பார்கள், சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. பல ஹார்னெஸ்களில் இடுப்புப் பட்டையை ஒட்டிச் சின்னதாக ஓர் உறை தைத்திருக்கும். கயிறு சுற்றிக்கொண்டால் அறுத்துத் தப்பிக்க, விரல் நீளத்துக்கு வளைந்த கத்தி ஒன்று அதில் செருகியிருக்கும். பிளாஸ்டிக் பிடிக்குள் அலகு ஒளிந்திருப்பதால், வருஷக்கணக்கில் கட்டுகிறவருக்கே அது அங்கே இருப்பது மறந்துபோகும். ஸ்கேனருக்கு மறக்காது. முக்குளிப்பவர்கள் அணியும் காற்றுச் சட்டையின் பையிலும் இப்படி ஒன்று கிடக்கும். கிளம்பும் முன் ஒவ்வொரு உறையிலும் விரலை விட்டுத் துழாவிப் பாருங்கள். பலகையில் துடுப்பு மாட்டும் திருப்புளியும் கைப்பைக்கு ஆகாது. கிழிசல் ஒட்டும் ரப்பர் பசை அதைவிட மோசம். எளிதில் தீப்பற்றும் என்பதால் மேலேயும் கூடாது, கீழேயும் கூடாது. போகிற ஊரில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பேட்டரியில் நிலைமை தலைகீழ். கூர்மையானதையெல்லாம் கீழே அனுப்பிப் பழகியவர்கள் பவர் பேங்கையும், கேமராவின் உதிரி பேட்டரிகளையும் சேர்த்துக் கீழே அனுப்பிவிடுகிறார்கள். லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் பயணிகள் இருக்கும் இடத்தில் அணைக்கலாம், சரக்கு அறையில் கையே எட்டாது. அதனால் இவை கைப்பையில்தான் வர வேண்டும். 100 வாட்-மணி (Wh, பேட்டரி தேக்கும் மின்சாரத்தின் அளவு) வரை தனி அனுமதி தேவையில்லை. 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் 74 வாட்-மணிதான், கவலை வேண்டாம். 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் சம்மதம் வேண்டும். அதற்கும் மேல் என்றால் பயணியோடு போகாது. மோட்டார் வைத்த சர்ஃப் பலகைகளின் பேட்டரி இந்த வகை. முக்குளிக்கும் டார்ச்சில் பேட்டரியைக் கழற்றித் தனியே வையுங்கள், தவறி எரிந்தால் பையைப் பொசுக்கும் சூடு அதற்கு உண்டு.

இதில் மதுரைப் பயணிகளுக்கென்றே ஒரு பொறி இருக்கிறது. அங்கே வந்துபோகும் விமானங்களில் விசிறி வைத்த சிறிய ஏடிஆர்களும் உண்டு. தலைக்கு மேல் இருக்கும் பெட்டி சின்னது. பை நுழையாது என்று படிக்கட்டின் அருகிலேயே வாங்கிக் கீழே போட்டுவிடுவார்கள். அந்த நிமிஷத்தில் பவர் பேங்கும் பேட்டரிகளும் பையோடு போகக் கூடாது. அவற்றை ஒரு சிறு உறையில் போட்டு மேலாக வைத்தால் உருவி எடுத்துக்கொள்ளலாம்.

மன்னார் வளைகுடாவில் முக்குளிக்க வருபவர்கள், சிலிண்டர் காற்றை மூச்சுக்குத் தரும் ரெகுலேட்டரையும் ஆழமும் நேரமும் காட்டும் கணினிக் கடிகாரத்தையும் கையில் வைத்துக்கொள்வது சரிதான். உயிர் அதை நம்பி இருக்கிறது. சிலிண்டரை இங்கேயே வாடகைக்கு எடுங்கள். ஆனால் கடைசி நாள் காலையில் ஒரு முழுக்கு, மாலையில் மதுரையில் விமானம் என்று திட்டம் போடாதீர்கள். ஒரே ஒரு சாதாரண முழுக்கு என்றாலும் குறைந்தது 12 மணி நேரம், பல முறை முழுகியிருந்தால் 18 மணி நேரம் இடைவெளி வேண்டும். உடம்பில் கரைந்த நைட்ரஜன் உயரத்தில் குமிழியாகக் கிளம்பினால் மூட்டு வலியில் தொடங்கி எங்கு வேண்டுமானாலும் போய் முடியும். காலில் மாட்டும் துடுப்புகளை வைக்கும் பையில் நினைவுக்கு என்று பவளத்துண்டு ஒன்றைப் போட்டு வைப்பவர்களும் உண்டு. பவளம், கடல் அட்டை இரண்டும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருபவை. கரையில் ஒதுங்கியதுதான் என்றாலும் எடுக்காதீர்கள், அந்த வழக்கு லேசில் முடியாது.

பந்து பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. காற்றோடு கொண்டுபோனால் வெடித்துவிடும் என்ற பயம் பெரிதுபடுத்தியது. விமானத்துக்குள் அழுத்தம் குறைவது ஒரு நல்ல பந்து தாங்கக்கூடிய அளவுதான். இடம் அடைக்கும் என்பதற்காகக் காற்றை இறக்குங்கள். பம்பும் ஊசியும் பெட்டியில்.

நனைந்த சாமானைக் கட்டாதீர்கள். தண்ணீர் குடித்த முக்குளிப்பு ரப்பர் உடை ஒன்றே ஏழு கிலோவில் பெரும்பங்கைத் தின்றுவிடும், உப்பு உறைந்தால் ஜிப் இறுகிப்போகும். முதல் நாளே நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள்.

வளைகுடா நாடுகளில் இருந்து கீழக்கரை, தொண்டிக்கு லீவில் வருபவர்களுக்கு ஒன்று. துபாய் - சென்னை டிக்கெட்டில் 30 கிலோ அனுமதி இருக்கலாம். சென்னை - மதுரையைத் தனி டிக்கெட்டாகப் போட்டிருந்தால் அதில் பெரும்பாலும் 15 கிலோதான். மிச்ச எடைக்குச் சென்னையில் கட்டும் பணத்தில், அங்கே வாங்கிய மட்டையை இங்கேயே வாங்கியிருக்கலாம். இரண்டையும் ஒரே டிக்கெட்டாகப் போடுங்கள், முடியாவிட்டால் உள்நாட்டுக்கான கூடுதல் எடையை முன்கூட்டியே இணையத்தில் வாங்கிவிடுங்கள். கவுன்ட்டர் விலையைவிடக் குறைவாக இருக்கும்.