எனாமலில் தொடங்கும் சொத்தையை அல்ட்ராசவுண்டில் பார்ப்பது

இது பிடுங்கிய பல்லை வைத்து ஆய்வகத்தில் பழகும் முறை. மருத்துவமனைகளில் அன்றாடச் சோதனையாக இது இன்னும் வரவில்லை.

வயிற்றை ஸ்கேன் செய்யும் 3.5 மெகாஹெர்ட்ஸ் புரோப் (ஒலியை அனுப்பி எதிரொலியை வாங்கும் கருவி) உதவாது. பல்லின் கடினமான வெளியுறையான எனாமலில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 6000 மீட்டர். அந்த அதிர்வெண்ணில் ஓர் அலையின் நீளமே 1.7 மி.மீ., கிட்டத்தட்ட எனாமலின் மொத்தத் தடிமன். முனை 3 மி.மீ.க்கு மிகாத, 15 முதல் 20 மெகாஹெர்ட்ஸ் புரோப் வேண்டும். அதன் முனையில் பிளாஸ்டிக் டிலே லைன், அதாவது எதிரொலியைச் சற்றுத் தாமதமாக வரச்செய்யும் துண்டு, அவசியம். அது இல்லாவிட்டால் புரோப்பின் சொந்த அதிர்வே எதிரொலிகளை மூடிவிடும். எதிரொலிகளை அலைவடிவமாகத் திரையில் காட்டும் ஆஸிலாஸ்கோப் நொடிக்குக் குறைந்தது 10 கோடி மாதிரி எடுக்கட்டும். அப்போது ஒரு மாதிரிக்கும் அடுத்ததற்கும் இடைவெளி, ஒலி போய்த் திரும்புவதைக் கணக்கில் கொண்டால், எனாமலில் 0.03 மி.மீ.

பல்லைத் துலக்கி, 5 நொடி காற்றூதி, நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். சொத்தைத் தொடக்கத்தின் அடையாளமான வெள்ளைப் புள்ளி தெரிந்தால் சுற்றிப் பென்சிலால் குறியிடுங்கள். பிறகு 0.1% தைமால் (கிருமித்தடுப்புப் பொருள்) கலந்த நீரில் ஓரிரவு ஊறவிடுங்கள். புள்ளி கண்ணுக்குத் தெரியக் காற்று வேண்டும், ஒலி நுழைய ஈரம் வேண்டும். இந்த வரிசையை மாற்றினால் நுண்துளைக் காற்றிலேயே ஒலி திரும்பிவிடும்.

பல்லை மாவு போன்ற பிசையும் பொருளில் (putty) அசையாமல் பதித்து, ஒரு சொட்டுக் கிளிசரின் வையுங்கள். முதலில் கன்னப் பக்கத்தில் பழுதில்லாத வழுவழுப்பான இடத்தில் புரோப்பை வைத்து, மெல்லச் சாய்த்துப் பார்த்து, எனாமலும் அதற்கு உள்ளே இருக்கும் டென்டினும் சேரும் இடத்தின் எதிரொலி உச்சமடையும் கோணத்தைப் பிடியுங்கள். மேற்பரப்பு எதிரொலிக்கு அது தலைகீழாக வரும் என்பதால் அடையாளம் எளிது. இரு எதிரொலிகளுக்கும் இடைவெளி 0.4 மைக்ரோநொடி என்றால், ஒலி போய்த் திரும்புவதால் தடிமன் 6000 × 0.4 ÷ 2, அதாவது 1.2 மி.மீ. இரண்டால் வகுக்க மறப்பதுதான் புதியவர்களின் வழக்கமான பிழை.

கெயினை (எதிரொலியைப் பெருக்கும் அளவை) இனித் தொடாமல் குறியிட்ட இடத்துக்கு வாருங்கள். சொத்தை தொடங்கியிருந்தால் மேற்பரப்பு எதிரொலி தாழும், உள் எதிரொலி மங்கும், சில சமயம் நடுவே புதிதாக ஒன்று எழும். சாய்வும் இப்படியே ஏமாற்றும். ஆனால் கோணத்தைத் திருத்தினால் அந்த இழப்பு மீண்டுவிடும், சொத்தையால் வந்தது மீளாது. கிளிசரினில் காற்றுக் குமிழி இருந்தால் மேற்பரப்பு எதிரொலி தலைகீழாகிப் பெருக்கும், உள் எதிரொலி காணாமல் போகும். புரோப்பை எடுத்து மீண்டும் வைத்து மூன்று முறையாவது அளக்கவும்.

0.2 மி.மீ.க்கும் குறைந்த ஆழத்தில் இருப்பது மேற்பரப்பு எதிரொலியோடு கலந்துவிடும். கடைவாய்ப் பற்களின் பள்ளங்களில் ஒலி சிதறும். பல்லிடுக்குக்குள் இந்த முனை போகாது, அங்கே பைட்விங் எக்ஸ்ரேதான் (பற்களைக் கடித்தபடி எடுக்கும் படம்). கடைசியில் குறியின் குறுக்கே வைரத் தகட்டால் நீர் விட்டபடி அறுத்து, எனாமல் தடிமனையும் புள்ளியின் ஆழத்தையும் நுண்ணோக்கியில் அளந்து ஒப்பிடுங்கள்.