ரொகோட்டோவை மற்ற மிளகாய் மாதிரி வளர்க்காதீர்கள்

ரொகோட்டோ என்ற மிளகாயை வளர்ப்பவர்கள் அதிகம் புலம்புவது இதுதான்: "செடி தளதளவென்று இருக்கிறது, ஒரு காய்கூடப் பிடிக்கவில்லை." மற்ற மிளகாய்க்குச் செய்வதையெல்லாம் இதற்கும் செய்தால் அப்படித்தான் ஆகும்.

இது பெரு, பொலிவியா நாடுகளின் ஆண்டிஸ் மலைச்சரிவில் பழகிய செடி. இலையில் மெல்லிய ரோமம், பூ ஊதா, விதை கறுப்பு. முதல்முறை பொட்டலத்தைப் பிரித்தபோது விதை கெட்டுவிட்டதென்று தூக்கிப்போடப் பார்த்தேன். உண்மையில் வெளுத்த மஞ்சள் விதை வந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். அது ரொகோட்டோவே இல்லை.

பெரிய தவறு வெயில். மிளகாய்தானே என்று உச்சி வெயிலில் வைப்போம். பகல் வெப்பம் 30 டிகிரியைத் தாண்டிக்கொண்டே இருந்தால் பூ காம்போடு உதிரும். காலை வெயிலும் மதிய நிழலும் போதும். குளிர் பிடிக்கும் என்பதற்காக உறைபனியில் விட்டுவிடவும் கூடாது, கருகிவிடும். பூ உதிர்கிறதே என்று தழைச்சத்து உரத்தைக் கொட்டுவது அடுத்த தவறு. இலைதான் பெருக்கும். தன் மகரந்தத்தில் சரியாகக் காய் பிடிக்காத செடிகளும் உண்டு. இரண்டு செடி வைத்து, மெல்லிய தூரிகையால் பூவுக்குப் பூ தொட்டுவிடுங்கள்.

விதைத்து அரை வருடமானாலும் காயைக் காணோமே என்று பிடுங்கிவிடாதீர்கள். இது பல வருடம் நிற்கும், தண்டு மரம்போல் முற்றும்.

காய் வந்தபின் ஏமாறுவது வேறு கதை. குட்டி ஆப்பிள் போலவே இருக்கும். மெக்சிகோவில் 'மன்சானோ' என்கிறார்கள், ஆப்பிளை வைத்து வந்த பெயர். குடைமிளகாய் என்று கடித்தால் தொலைந்தோம். காரத்தை அளக்கும் ஸ்கோவில் அளவில் ஹலபேன்யோ மிளகாய் 2,500 முதல் 8,000 என்றால் இது சுமார் 30,000 முதல் 1,00,000 வரை போகும். விதையை மட்டும் தட்டிவிட்டால் காரம் போகாது. அது விதை ஒட்டியிருக்கும் வெளிர் நரம்பில் இருக்கிறது. பெருவின் அரெகிபாவில் ரொகோட்டோவுக்குள் இறைச்சி அடைத்துச் சமைக்கும்போது, அந்த நரம்பைச் சுரண்டிவிட்டு வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டிவிடுவார்கள். சுரண்டும்போது கையுறை போடுங்கள். வாய் எரிந்தால் தண்ணீர் உதவாது, பால் குடியுங்கள்.

மிஞ்சியதை முழுசாக வெயிலில் காயப்போட வேண்டாம். சதை தடிமன் என்பதால் வெளியே சுருங்கும்போதே உள்ளே பூஞ்சணம் பிடித்திருக்கும். அரைத்தோ நறுக்கியோ ஃப்ரீசரில் வையுங்கள்.