குழந்தைக்குக் குதிரையைக் குத்தகைக்கு எடுப்பது எப்படி? கொங்குப் பகுதிப் பெற்றோருக்கான செய்முறை விளக்கம்

சவாரி வகுப்பில் சேர்ந்த பிள்ளைக்குச் சில மாதங்களுக்குப் பிறகும் ஆர்வம் குறையாவிட்டால், “ஒரு குதிரையே வாங்கிவிடலாமா?” என்ற பேச்சு வீட்டில் எழுவது இயல்பு. அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவின் குதிரைச் சந்தையைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் வீட்டில் அந்தப் பேச்சு சற்று வலுவாகவே எழும். ஆனால் குதிரை இருபத்தைந்து, முப்பது ஆண்டுகள்கூட வாழும். பத்து வயதுப் பிள்ளையோ சில ஆண்டுகளிலேயே சிறிய குதிரையை விட்டு வளர்ந்துவிடும், அல்லது பத்தாம் வகுப்புப் படிப்பில் மூழ்கிவிடும். எனவே முதலில் ஓராண்டுக் குத்தகைக்கு எடுப்பதுதான் பிள்ளைக்கும் குதிரைக்கும் நல்லது.

முதல் படி: குதிரை எங்கே இருக்கும் என்று முடிவு செய்யுங்கள்

முழுக் குத்தகையில் குதிரையின் செலவு முழுவதும் உங்களுடையது. சவாரி செய்யும் உரிமையும் உங்கள் பிள்ளைக்கு மட்டுமே. பாதிக் குத்தகையில் வாரத்தில் சில நாட்கள் மட்டும் சவாரி, செலவிலும் ஒரு பங்கு மட்டும். முதன்முறை எடுப்பவர்களுக்குப் பாதிக் குத்தகையே போதும்.

இதைவிடப் பெரிய கேள்வி, குதிரையை நம் தோட்டத்துக்குக் கொண்டுவரலாமா என்பது. முதல் ஆண்டில் வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. குதிரை இப்போது இருக்கும் லாயத்திலேயே, அதன் குணமறிந்த பயிற்சியாளரின் கண்முன்னேயே இருக்கட்டும். பிள்ளை அங்கே போய்ச் சவாரி செய்யட்டும். குதிரை கூட்டமாக வாழும் விலங்கு. தனியாகக் கட்டிப்போட்டால் கலங்கிப்போய், லாயத்தில் காட்டாத முரண்டையெல்லாம் புது இடத்தில் காட்டும்.

“தோட்டத்தில் இடமும் இருக்கிறது, தீவனமும் இருக்கிறது” என்று சொல்பவர்கள் அந்தத் தீவனத்தைக் கொஞ்சம் கூர்ந்து பார்க்க வேண்டும். மாட்டுக்காக நட்ட கோ-4 போன்ற நேப்பியர் ஒட்டுப் புல்லிலும், காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காடு என்ற மேய்ச்சல் நிலங்களில் தழைக்கும் கொழுக்கட்டைப் புல்லிலும் ஆக்சலேட் என்ற உப்பு அதிகம். மாட்டின் முதல் வயிற்றில் உள்ள நுண்ணுயிரிகள் அதைச் சிதைத்துவிடுகின்றன. குதிரைக்கு அந்த அமைப்பு இல்லாததால் ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொள்ள, உடல் தன் எலும்பிலிருந்தே சுண்ணாம்பை எடுக்கத் தொடங்கி, மாதக்கணக்கில் அதையே தின்ற குதிரைக்கு முகத்தெலும்பு வீங்கும், காரணம் தெரியாத நொண்டலும் வரும். தவிட்டை அளவுக்கு மீறிப் போட்டாலும் இதே கேடுதான். பச்சைச் சோளத்தட்டு சிறுநீர்ப்பையையும் பின்னங்கால் நரம்புகளையும் கெடுக்கக்கூடியது. எல்லாவற்றையும்விட ஆபத்தானது பல்லடம், நாமக்கல் பக்கத்துத் தோட்டங்களில் சாதாரணமாகக் கிடக்கும் கோழித்தீவன மூட்டை. கோழிகளின் ரத்தக்கழிச்சலைத் தடுக்க அதில் சேர்க்கப்படும் மோனென்சின், சாலினோமைசின் போன்ற மருந்துகள், கோழிக்கு எந்தக் கெடுதலும் செய்யாத அளவிலேயே குதிரையின் இதயத் தசையைச் சிதைத்துக் கொன்றுவிடும். வேலியோரத்து அரளியும் குதிரைக்கு நஞ்சு. முள்கம்பி வேலியோ மிரண்டு ஓடும் குதிரையின் காலைக் கிழித்துவிடும். அருகம்புல், குதிரைமசால், ஊறவைத்து வேகவைத்த கொள்ளு, நாளெல்லாம் தண்ணீர் என்று ஒரு லாயத்தில் ஒழுங்காக நடந்துகொண்டிருப்பதைக் கலைக்காமல் இருப்பதே நல்லது.

இரண்டாம் படி: குதிரையைத் தேர்ந்தெடுங்கள்

பிள்ளைக்குத் தேவை அழகான குதிரை அல்ல, அடங்கிய குதிரை. பத்து முதல் பதினைந்து வயதுக்குள், பல பிள்ளைகளைச் சுமந்து பழகிய பெண் குதிரையோ காயடித்த ஆண் குதிரையோ ஏற்றது. காயடிக்காத ஆண் குதிரை எவ்வளவு சாதுவாகத் தெரிந்தாலும் வேண்டாம். காதுகளின் நுனி உள்நோக்கி வளைந்த மார்வாரி, கத்தியவாரி குதிரைகள் பார்க்கக் கம்பீரமானவை. அவற்றிலும் அடங்கியவை உண்டு. எனினும் மேளத்துக்கு ஆடப் பழக்கப்பட்டது, வண்டிப் பந்தயத்தில் ஓடியது, ரேஸிலிருந்து அண்மையில் வந்தது ஆகிய மூன்றையும் தொடக்க நிலைப் பிள்ளைக்கு எடுக்காதீர்கள்.

சுமையையும் கணக்கிடுங்கள். முன்காலுக்குச் சற்றுப் பின்னால் மார்புச் சுற்றளவையும், தோள் முனையிலிருந்து பிட்டம் வரையிலான நீளத்தையும் சென்டிமீட்டரில் அளந்து, சுற்றளவைச் சுற்றளவாலேயே பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 11,880 ஆல் வகுத்தால் எடை கிலோவில் ஏறத்தாழக் கிடைக்கும். சுற்றளவு 160, நீளம் 150 என்றால் எடை சுமார் 323 கிலோ. சேணத்தையும் சேர்த்து மொத்தச் சுமை இதில் ஐந்தில் ஒரு பங்கை, அதாவது 64 கிலோவைத் தாண்டக் கூடாது. இந்தக் கணக்கு பிள்ளைக்கு மட்டுமல்ல, அதே குதிரையில் ஏறும் பெரியவர்களுக்கும் பொருந்தும்.

மூன்றாம் படி: நேரில் பாருங்கள்

குதிரையைக் கொட்டிலிலிருந்து அவிழ்ப்பதற்கு முன்பே அங்கே போய் நில்லுங்கள். ஏற்கெனவே ஓட்டிக் களைத்த குதிரை எல்லாமே சாதுவாகத்தான் தெரியும். தலைக்கயிறு மாட்டும்போது விலகிப் போகிறதா, வயிற்றுப் பட்டையை இறுக்கும்போது காதைப் பின்னால் மடித்துக் கடிக்க வருகிறதா என்று கவனியுங்கள். காதை மடித்தால் வலியோ பழைய வெறுப்போ இருக்கிறது என்று பொருள்.

பிறகு நான்கு குளம்புகளையும் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். அடியில் முக்கோண வடிவில் இருக்கும் மென்பகுதி கட்டை விரலால் அழுத்தினால் ரப்பர் போல உறுதியாக இருக்க வேண்டும். அதன் ஓரத்துப் பள்ளத்தில் கருப்பான கசிவும் குமட்டும் நாற்றமும் இருந்தால் ஈரத்திலேயே நின்று அழுகத் தொடங்கியிருக்கிறது. அடுத்து, கெட்டியான தரையில் நேர்கோட்டில் மெல்ல ஓட்டிக் காட்டச் சொல்லி, கண்ணை மூடிக் கேளுங்கள். குளம்படிச் சத்தம் ஒரே சீராக விழ வேண்டும். வலியுள்ள முன்கால் தரையில் படும்போது குதிரை தலையை உயர்த்தும், நல்ல கால் படும்போது தாழ்த்தும்.

கடைசியில் உரிமையாளரோ பயிற்சியாளரோ முதலில் ஏறிக் காட்டட்டும். பிறகுதான் பிள்ளை. இரண்டாவது முறை வேறொரு நேரத்தில் போய்ப் பாருங்கள்.

நான்காம் படி: மருத்துவரிடம் காட்டுங்கள்

உரிமையாளர் வழக்கமாக அழைக்கும் மருத்துவரைத் தவிர்த்து, குதிரை வைத்தியத்தில் பழக்கமுள்ள வேறொரு கால்நடை மருத்துவரை நீங்களே அழையுங்கள். நாமக்கல்லிலும் உடுமலைப்பேட்டையிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் உள்ளதால் விசாரிப்பது எளிது. கண், பல், இதயம், கால் ஆகியவற்றோடு, மனிதருக்கும் தொற்றக்கூடிய கிளாண்டர்ஸ் நோய்க்கும், ஈக்கடியால் பரவும் சர்ரா நோய்க்கும் ரத்தப் பரிசோதனை கேளுங்கள். டெட்டனஸ், வெறிநோய்த் தடுப்பூசிகளின் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். பிள்ளைக்கும் டெட்டனஸ் ஊசி போடப்பட்டிருக்க வேண்டும்.

ஐந்தாம் படி: ஒப்பந்தம் எழுதுங்கள்

தெரிந்தவர், உறவுக்காரர் என்பதற்காக வாய்ச்சொல்லோடு விடாமல், ஸ்டாம்ப் பேப்பரில் எழுதுங்கள். பிள்ளை மைனர் என்பதால் கையெழுத்து பெற்றோருடையது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இங்கே துணை நிற்கிறது. வாடகைக்குக் கொடுத்த பொருளின் குறையால் தீங்கு நேர்ந்தால், அந்தக் குறை தமக்குத் தெரியாது என்று கொடுத்தவர் தப்ப முடியாது என்கிறது 150ஆம் பிரிவு. எடுத்தவர் பொறுப்புள்ள ஒருவர் தம் சொந்தப் பொருளைக் காப்பதுபோல் காக்க வேண்டும் என்கிறது 151ஆம் பிரிவு. வேறுவிதமாக எழுதப்படாத வரை, குத்தகைக் காலத்தில் பெண் குதிரை ஈனும் குட்டியும் உரிமையாளருக்கே சேரும். இது 163ஆம் பிரிவு.

ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை லாடம் அடிக்கும் செலவு யாருடையது, பிள்ளையைத் தவிர வேறு யார் ஏறலாம், குதிரை நொண்டி ஒரு மாதம் ஓய்வில் இருந்தால் குத்தகைப் பணம் நிற்குமா, விலகுவதற்கு எத்தனை நாள் முன்னறிவிப்பு ஆகியவை எழுத்தில் இருக்கட்டும். நள்ளிரவில் குதிரைக்கு வயிற்றுவலி வந்தால் சிகிச்சைக்கு ஒப்புதல் தர வேண்டியவர் யார் என்பதை மறக்காமல் எழுதுங்கள். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. வயிற்றுவலியில் சில மணி நேரத் தாமதமே உயிரைப் பறித்துவிடும்.

ஆறாம் படி: முதல் மாதம்

குதிரைச் சவாரிக்கென்றே செய்த ஹெல்மெட் வாங்குங்கள். பைக், சைக்கிள் ஹெல்மெட்டுகள் இதற்கு உதவாது. சிறு குதிகால் உள்ள காலணி அணிந்தால்தான் பாதம், கால் வைக்கும் வளையமான அங்கவடிக்குள் நழுவிச் சிக்காது. முதல் சில வாரங்கள் பிள்ளை சவாரி செய்யும் நேரத்தைவிட, தேய்த்துவிடுவதிலும் குளம்பைச் சுத்தம் செய்வதிலும் செலவிடும் நேரம் கூடுதலாக இருக்கட்டும். சித்திரை, வைகாசியில் விடியற்காலைச் சவாரியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஓய்வில் இருக்கும் குதிரையின் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44, உடல் வெப்பம் 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ். இவற்றை எடுக்கப் பிள்ளைக்கும் கற்றுக்கொடுத்து, ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். குத்தகை முடிய இரண்டு மாதம் இருக்கும்போது பிள்ளையின் எடையை மறுபடி பார்த்து, பயிற்சியாளருடன் உட்கார்ந்து பேசி, அதே குதிரையைத் தொடர்வதா, பெரிய குதிரைக்கு மாறுவதா என்பதை உரிமையாளரிடம் தெரிவித்துவிடுங்கள்.