விரல் நுனி ரத்தத்தில் பார்க்கும் ஐ.என்.ஆர்.: மீட்டரைச் சரிபார்க்கும் முறை

இதயத்தில் உலோக வால்வு பொருத்திக்கொண்டவர்கள் ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரினையோ அசிட்ரோமையோ ஆயுள் முழுவதும் உட்கொள்ள வேண்டும். திருவனந்தபுரத்தில் அறுவைச் சிகிச்சை முடித்துக் குமரி மாவட்டத்துக்குத் திரும்பியவர்களுக்கு அதன்பின் வரும் நெடிய வேலை, ஐ.என்.ஆர். அளவை இலக்குக்குள் வைத்திருப்பதுதான். ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்பதைச் சொல்லும் எண் இது; எண் ஏறினால் ரத்தம் மெதுவாக உறைகிறது என்று பொருள். மகாதமனி வால்வுக்குப் பொதுவாக 2.0 முதல் 3.0 வரையும், மைட்ரல் வால்வுக்கு 2.5 முதல் 3.5 வரையும் இலக்கு சொல்வார்கள். என் அம்மாவுக்கு இதை வீட்டிலேயே மீட்டரில் பார்த்து வருகிறேன். மீட்டர் காட்டும் எண்ணை நம்பி மாத்திரையைக் கூட்டுவதற்கும் குறைப்பதற்கும் முன்பு, அந்த மீட்டரை எப்படிச் சோதிக்க வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறேன்.

மீட்டரில் எடுக்கும் ரத்தமும் ஆய்வகத்துக்குக் கொடுக்கும் ரத்தமும் ஒரே நேரத்தில் எடுக்கப்பட வேண்டும் என்பதே முதல் விதி. திங்களன்று வீட்டில் பார்த்த எண்ணை வியாழனன்று நாகர்கோவிலில் கொடுத்த ரத்தத்தின் முடிவோடு ஒப்பிட்டுப் பயனில்லை. அந்த இடைவெளியில் இரண்டு வேளை முருங்கைக்கீரைத் துவரன் சாப்பிட்டிருந்தாலோ, மெட்ரோனிடசோல் போன்ற ஒரு நுண்ணுயிர்க்கொல்லி மருந்து தொடங்கியிருந்தாலோ ஐ.என்.ஆர். உண்மையிலேயே மாறியிருக்கும்; பழி மட்டும் மீட்டரின்மேல் விழும். எனவே மீட்டரை ஆய்வகத்துக்கே எடுத்துச் சென்று, கையில் ஊசி குத்தி ரத்தம் எடுத்த உடனே அங்கேயே உட்கார்ந்து விரலிலும் பார்த்துவிடுவது நல்லது. வாங்கிய புதிதில் இரண்டு மூன்று தடவையும், அதன்பின் ஆறு மாதத்துக்கொரு முறையும் இவ்வாறு செய்வது போதுமானதென்று எண்ணுகிறேன். உங்கள் மருத்துவர் வேறு கால அளவு சொன்னால் அதையே பின்பற்றுங்கள்.

இரண்டு எண்களும் அப்படியே ஒத்திருக்க வேண்டியதில்லை. இத்தகைய மீட்டர்களுக்கான ஐ.எஸ்.ஓ. 17593 என்னும் பன்னாட்டுத் தரநிலையின் 2007ஆம் ஆண்டுப் பதிப்பு, ஐ.என்.ஆர். 2.0க்குக் கீழே இருக்கும்போது பத்தில் ஒன்பது முடிவுகள் ஆய்வக அளவிலிருந்து 0.5க்குள்ளும், 2.0 முதல் 4.5 வரை 30 விழுக்காட்டுக்குள்ளும் இருந்தால் போதுமென்றது. இந்த 30 விழுக்காடு தளர்வான எல்லை என்பது என் கருத்து. ஆய்வகம் 2.5 என்றால் மீட்டர் 1.8 காட்டினாலும் 3.2 காட்டினாலும் எல்லைக்குள் அடங்கிவிடும். ஆனால் அந்த எண்களைப் பார்க்கும் மருத்துவர் ஒன்றுக்கு மாத்திரையைக் கூட்டுவார், மற்றதற்குக் குறைக்க நினைப்பார். ஆகவே, இலக்குக்குள் இருக்கும்போது வேறுபாடு 0.5க்கு மேல் போகிறதா என்பதோடு, இரண்டு எண்களுக்கும் மருத்துவர் ஒரே முடிவைத்தான் எடுப்பாரா என்றும் பாருங்கள். 2.6, 2.9 என்று வந்தால் கவலையில்லை. 2.1, 3.2 என்று வந்தால் அந்த மீட்டரைக் கொண்டு மருந்தை மாற்றக் கூடாது.

வேறுபாடு வந்தவுடன் ஆய்வகமே சரி என்றும் தீர்மானித்துவிட வேண்டாம். ஆய்வகத்தில் ரத்தம் பிடிக்கும் நீல மூடிக் குழாயில், ரத்தம் உறையாமலிருக்க 3.2 விழுக்காடு சிட்ரேட் கரைசல் இருக்கும்; அதன் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு ரத்தம் சேர வேண்டும். குழாயைக் குறியிட்ட அளவுவரை நிரப்பாமல் விட்டால் ரத்தம் உறைய நேரமாகி, ஐ.என்.ஆர். பொய்யாக உயர்ந்து காட்டும். குழாய் நிரம்பியதா என்று நின்று பார்க்க நோயாளிக்கு உரிமை உண்டு.

ஆயினும் பெரும்பாலான தவறுகள் விரலிலும், ரத்தத் துளியை வைத்து மீட்டரில் செருகும் ஸ்ட்ரிப் என்னும் சோதனைப் பட்டையிலும்தான் நேர்கின்றன. தொடக்கத்தில் ஒருமுறை எங்கள் மீட்டர் 4.1 என்றும் ஆய்வகம் 3.0 என்றும் காட்டின; அன்று ரத்தம் வராததால் அம்மாவின் விரலை நான் பலமுறை பிழிந்திருந்தேன். பிழியும்போது திசுநீர் ரத்தத்தோடு கலந்து, உறையும் நேரத்தை மாற்றிவிடுகிறது. வலை இழுத்தும் ரப்பர் பால் வெட்டியும் காய்த்துப்போன விரல்களில் இச்சிக்கல் அதிகம். அவர்கள் நடுவிரல் அல்லது மோதிரவிரலின் பக்கவாட்டில், சற்று ஆழமாகக் குத்தும்படி லான்செட்டை (விரலில் குத்தும் ஊசியை) அமைத்துக்கொள்ள வேண்டும். மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸில் கை வைத்து வேலை செய்துவிட்டு வருபவர்கள் வெந்நீரில் கையைக் கழுவி, ஈரம் சிறிதும் இல்லாமல் துடைத்து, கையைத் தொங்கவிட்டுச் சற்று நேரம் கழித்துக் குத்தலாம். குத்திய 15 நொடிக்குள் முதல் துளியை ஸ்ட்ரிப்பில் வைத்துவிட வேண்டும். போதவில்லையென்று இரண்டாவது துளியைச் சேர்க்காமல், புதிய ஸ்ட்ரிப்பை எடுத்து வேறு விரலில் குத்துங்கள்.

பரவலாகப் பயன்படும் கோகுசெக் எக்ஸ்.எஸ். என்னும் மீட்டரின் ஸ்ட்ரிப்புகளை 2 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை வைத்திருக்கலாம். சித்திரை வெயிலில் நம் வீடுகளுக்குள் வெப்பம் எளிதில் 30ஐத் தாண்டும். கடற்கரைக் காற்றின் ஈரமும் ஸ்ட்ரிப்பைக் கெடுக்கும். டப்பாவை இறுக மூடி வையுங்கள். எடுத்த ஸ்ட்ரிப்பைப் பத்து நிமிடத்துக்குள் பயன்படுத்துங்கள். அளவைக் குறிக்கும் நோட்டில் தேதியோடு ஸ்ட்ரிப்பின் தொகுதி எண்ணையும் எழுதுங்கள். 2018ஆம் ஆண்டில் இதே வகை ஸ்ட்ரிப்புகள் உயர்ந்த அளவுகளைத் தவறாகக் காட்டியதால் அமெரிக்கா உட்படப் பல நாடுகளில் திரும்பப் பெறப்பட்டன. அப்போது பயன்பட்டது தொகுதி எண்தான்.

சிலருக்கு மீட்டரே பொருந்தாது. ஹீமட்டோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) 25 விழுக்காட்டுக்குக் குறைவாக இருக்கும் கடும் ரத்தசோகையிலும், 55க்கு மேற்பட்ட நிலையிலும் அந்த மீட்டரின் முடிவை நம்ப முடியாது. ரத்தம் எளிதில் உறைந்துவிடும் ஆன்டிபாஸ்போலிப்பிட் என்னும் நோயுள்ளவர்களுக்கு மீட்டர் பொய்யாக உயர்ந்து காட்டக்கூடும். ரிவராக்சபான், அபிக்சபான் போன்ற புதிய ரத்த உறைவுத் தடுப்பு மருந்துகளை உட்கொள்பவர்களின் மருந்தளவை ஐ.என்.ஆர். கொண்டு கணிக்கவே முடியாது.

மீட்டர் 4.5க்கு மேல் காட்டினால் நீங்களாக மாத்திரையை மாற்றாமல், அன்றே ஆய்வகத்தில் கையில் ஊசி குத்தி ரத்தம் எடுத்து உறுதிசெய்து மருத்துவரிடம் சொல்லுங்கள், ஐ.என்.ஆர். ஏற ஏற மீட்டருக்கும் ஆய்வகத்துக்குமான இடைவெளியும் கூடும். மலம் கறுத்துப் போனாலோ, ஈறிலிருந்து ரத்தம் நிற்காமல் வந்தாலோ, பேச்சு குழறினாலோ, கடுந்தலைவலி வந்தாலோ மீட்டர் 2.5 என்று காட்டினாலும் உடனே ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, அருகிலுள்ள அவசரப் பிரிவுக்கோ செல்லுங்கள். நோட்டையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.