பாக் முதல் சினிமா வரை: ஒரே ஆர்கனில் ஒரு மணி நேரம்

மூன்று காலத்து இசையை ஒரே தேவாலய பைப் ஆர்கனில் வாசிக்கும்போது, கச்சேரி நிற்பதும் விழுவதும் ஸ்டாப் (எந்தக் குழாய் வரிசை ஒலிக்க வேண்டும் என்று திறக்கும் குமிழ்) தேர்வில்தான். 60 நிமிட நிகழ்ச்சிக்கு 45 முதல் 50 நிமிட இசை போதும். மீதி கைதட்டலுக்கும் அறிமுகத்துக்கும் போய்விடும்.

பாக்கின் டி மைனர் டொக்காட்டாவுக்குப் பிரதான விசைப்பலகையில் ஆர்கனின் அடிப்படை ஒலியான பிரின்சிபல் 8, 4, 2 அடி (குழாயின் நீளம்; குறையக் குறையச் சுருதி உயரும்), மேலே பல உயர்சுருதிக் குழாய்கள் சேர்ந்தொலிக்கும் மிக்ஸ்சர். காலால் வாசிக்கும் பெடலில் 16 அடி, 8 அடி, கூடவே ஒரு ரீட் (நாக்குத் தகடு அதிர்ந்து ஒலிக்கும் குழாய்). பிரின்சிபலோடு 8 அடி ஃபுளூட்டையும் இழுத்தால் ஒலி தடித்து, டொக்காட்டாவை அடுத்து வரும் ஃபியூகின் (ஒரே மெட்டைப் பல குரல்கள் மாறி மாறி எடுக்கும் பகுதி) உள்குரல்கள் மங்கிவிடும். முதல் அலங்காரத்தை அடுத்து வரும் மௌனத்தைக் காதால் அளந்து விடுங்கள். காலி தேவாலயத்தில் 4 விநாடி நிற்கும் கார்வை, பெஞ்சுகள் நிரம்பியதும் குறையும். ஆட்களின் உடம்பும் உடையும் ஒலியை உறிஞ்சிவிடும். ஒத்திகையில் பழகிய இடைவெளியையே விட்டால் அன்றைக்கு நீளமாகத் தெரியும்.

பிரெஞ்சு இசையமைப்பாளர் விடோரின் டொக்காட்டா (ஐந்தாம் ஆர்கன் சிம்பொனி, 1879) வேகத்தில் கெடும். அவரே முதலில் கொடுத்த, நிமிடத்துக்கு 118 தட்டு என்ற வேகத்தைப் பிற்பாடு 100 ஆகக் குறைத்தார். எதிரொலிக்கும் கட்டடத்தில் அதற்கு மேல் போனால் வலக்கை வெறும் இரைச்சல். இங்கே 8 அடி ஸ்டாப்களைக் கலந்து போடலாம், பாக்கில் கூடாதது இதில் அழகு. நடுவில் ஒலி இறங்கும் இடத்தில் ஸ்வெல் பெட்டியை (குழாய்களைச் சுற்றி இருக்கும், பலகைகளைத் திறந்து மூடி ஒலியைக் கூட்டிக் குறைக்கும் பெட்டி) மெல்ல மூடுங்கள்; சட்டென்று மூடினால் கதவு சாத்தியது போலிருக்கும்.

சினிமாவுக்கு ‘இன்டர்ஸ்டெல்லார்’ (2014) பொருத்தம். அதன் ஆர்கன் லண்டன் டெம்பிள் தேவாலயத்தில் பதிவானது. பெட்டியை மூடி, ஒரு 8 அடி ஃபுளூட்டோடு ஆரம்பியுங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரே ஒரு ஸ்டாப் கூட்டுங்கள், 32 அடி பெடல் இருந்தால் கடைசிக்கு வையுங்கள். மூன்றாம் சுற்றிலேயே எல்லாவற்றையும் திறந்துவிடுவதுதான் வழக்கமான பிழை. இந்த இசைக்குப் பதிப்புரிமை உண்டு, அனுமதியை முன்கூட்டியே வாங்குங்கள்.

பிஸ்டன் (ஒரே அழுத்தில் ஸ்டாப் தேர்வை மாற்றும் பொத்தான்) நினைவகத்தில் உங்களுக்கென்று ஓர் அடுக்கு கேட்டு வாங்குங்கள். எல்லாவற்றையும் தாளிலும் எழுதி வையுங்கள், ஞாயிறு ஆராதனைக்கு வாசிப்பவர் தெரியாமல் அழித்துவிடக்கூடும்.

அடுத்தது சூடு. வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் ஃபுளூட், பிரின்சிபல் குழாய்களின் சுருதி சுமார் 3 சென்ட் (ஒரு சென்ட் என்பது அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு) உயரும். ரீட் அவ்வளவாக அசையாது. 5 டிகிரி ஏறினால் 15 சென்ட் வித்தியாசம், கேட்பவர் ரீட்தான் இறங்கிவிட்டது என்பார். கடைசியாகச் சுருதி சேர்த்தபோது என்ன வெப்பநிலை என்று கேட்டு, கச்சேரியிலும் அதையே வையுங்கள்.

நடுவில் ஒரு சுரம் விடாமல் ஒலித்தால் ஸ்டாப்களை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளுங்கள். ஒன்றில் நின்றால் அதை விட்டுவிட்டு வாசிக்கலாம். எல்லா ஸ்டாப்பிலும் ஒலித்தால் கோளாறு விசையில். வேறு விசைப்பலகைக்கு மாறுங்கள்.